குட்டி ஜப்பானுக்கு வந்த டாட்சன்

மாருதி 800 காரின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. இரண்டே மாதம் கழித்து, மார்ச்சில், டாட்சன் கோ விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 3 லட்சத்து 12 ஆயிரம் ரூபாய். மொபெட்டிலும் ஸ்கூட்டரிலும் இருந்து இறங்கி முதன்முதலாகக் கார் ஏறும் குடும்பத்துக்கு முப்பது ஆண்டுகளாக மாருதி 800 என்ற ஒரே பதில்தான் இருந்தது. அந்தப் பதில் சந்தையை விட்டுப் போன நேரத்தில் இன்னொரு ஜப்பான் பெயர் வந்து நின்றது. இதைவிட நல்ல நாள் பார்த்துக் கடை திறக்க முடியாது. ஆனாலும் 2022 ஏப்ரலில் டாட்சன் கடையைக் கட்டிவிட்டது.

எட்டு ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதை டெல்லியிலோ மும்பையிலோ நின்று பார்ப்பதைவிட விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும். டாட்சன் தேடி வந்த வாடிக்கையாளர் வசிப்பது இப்படிப்பட்ட ஊர்களில்தான். நாலு பேரை வைத்து ஆஃப்செட் அச்சகம் நடத்துபவர், தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர், பட்டாசு ஆலை போர்மேன், மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர், அரசுப் பள்ளி ஆசிரியர் என்று அந்தப் பட்டியல் நீளும். கையில் காசு உண்டு, ஆனால் வீணாக்க மாட்டார்கள். நூறு ரூபாய்ப் பொருளுக்கும் பத்து பேரிடம் விசாரிக்கிற ஊர். மூன்று லட்சம் ரூபாய்ப் பொருளென்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த வட்டாரத்துக்கும் ஜப்பானுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. சிவகாசிக்குக் ‘குட்டி ஜப்பான்’ என்று நேரு பெயர் வைத்ததாக ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ஓயாமல் உழைக்கும் ஊர் என்ற பாராட்டாகத்தான் எல்லோரும் அதை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குள் இன்னொரு பொருத்தமும் ஒளிந்திருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியச் சந்தையில் கொடிகட்டிப் பறந்தவை ஜப்பான் தீப்பெட்டிகள். 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி ஏறியது. அந்தச் சமயத்தில்தான் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமியில் வேலைக்கு ஆள் இருந்தது, காயவைக்க வெயில் இருந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. இரண்டுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத்தொழிலும் வளர்ந்தது. ஒருவகையில், ஜப்பான் சரக்கு விட்டுப்போன இடத்தில் எழுந்த ஊர் இது.

அதனால் லேபிளின் மதிப்பு இந்த ஊருக்குத் தெரிந்த அளவு வேறு ஊருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சேவல் மார்க், அணில் மார்க் என்று பெயர் சொல்லிப் பட்டாசு கேட்கும் பழக்கத்தை நாடு முழுவதும் உண்டாக்கியவர்கள் இவர்கள். லேபிளால் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. முதல் பெட்டியை லேபிள் விற்றுக் கொடுக்கும். அடுத்த பெட்டியை உள்ளிருக்கும் குச்சிதான் விற்க வேண்டும். டாட்சன் என்ற லேபிளின் கதைக்கும் இதே அளவுகோல் பொருந்துகிறது.

அந்த லேபிள் சாமானியமானதல்ல. அதன் வேர் நூறு வயதைத் தாண்டியது.

மசுஜிரோ ஹாஷிமோட்டோ என்ற பொறியாளர் 1911இல் தோக்கியோவில் க்வாய்ஷின்ஷா என்ற கார்ப் பட்டறையைத் தொடங்கினார். பணம் போட்ட மூவர் டென், அஓயாமா, டகேஉச்சி. மூவரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 1914இல் வந்த காருக்கு ‘டாட்’ என்று பெயரிட்டார். ஜப்பானிய மொழியில் ‘டாட்டோ’ என்றால் மிரண்டு பாயும் முயல் என்றும் பொருள் என்பதால் பெயர் இரட்டிப்பாகப் பொருந்தியது. 1930இல் ஜப்பான் அரசு 500 சி.சி.க்குள் இருக்கும் வண்டிகளை ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை என்றது. மறு ஆண்டே 495 சி.சி. எஞ்சினுடன் ஒரு குட்டிக் கார் தயாரானது. டாட்டின் மகன் என்ற அர்த்தத்தில், ஆங்கிலத்தில் மகனைக் குறிக்கும் ‘சன்’ சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார்கள். ஜப்பானியர் வாயில் அது ‘சொன்’ என்று ஒலித்தது. அந்த மொழியில் ‘சொன்’ என்றால் நஷ்டம். விற்பனைக்கு வைக்கும் சரக்கில் நஷ்டம் என்று எழுதி ஒட்டுவார்களா? ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை மாற்றினார்கள். மகன் சூரியன் ஆனான். ஜப்பான் கொடியின் சூரியன் சின்னத்திலும் ஏறினான்.

சிவகாசியில் இதைச் சொன்னால் யாரும் வியக்க மாட்டார்கள். பெயர் ராசி பார்க்காமல் இங்கே ஒரு மத்தாப்புப் பெட்டிகூட அச்சேறாது.

யோஷிசுகே அயிகாவா என்ற தொழிலதிபரின் கைக்கு வந்து, 1934இல் நிசான் என்ற பெயரில் நிறுவனம் உருவான பிறகு, டாட்சன் அதன் சிறிய கார்களின் பெயரானது. போருக்குப் பின் பிரிட்டனின் ஆஸ்டின் நிறுவனத்திடம் 1952இல் தொழில்நுட்பம் வாங்கினார்கள். கற்றுக்கொண்டதைத் தங்கள் கைவண்ணத்தில் திருத்தினார்கள். 1958இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றும் கடுமையான பந்தயத்தில் ‘ஃபுஜி’, ‘சகுரா’ என்று பெயர் சூட்டிய இரண்டு டாட்சன்கள் இறங்கின. ஃபுஜி தன் பிரிவில் வென்றது. அதே ஆண்டில் அமெரிக்கச் சந்தையிலும் நுழைந்தார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடியில் அமெரிக்கர்கள் பெட்ரோல் பங்க் வாசலில் வரிசையில் நின்றபோது, குறைவாகக் குடிக்கும் ஜப்பான் கார்களின் மரியாதை ஒரே இரவில் கூடியது.

டாட்சனின் பெருமைக்குரிய அத்தியாயம் அமெரிக்காவில் நடந்ததல்ல, ஆப்பிரிக்காவில் நடந்தது. அதன் நாயகன் ஓர் இந்திய வம்சாவளியினர். கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலி உலகின் கொடிய கார்ப் பந்தயங்களில் ஒன்று. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், செம்மண் புழுதி, திடீர் மழையில் முழங்கால் சேறு, குறுக்கே வரும் காட்டு விலங்கு. 1970இல் டாட்சன் 1600, மறு ஆண்டு டாட்சன் 240இசட் என்று இரண்டு முறை அங்கே வென்றிருந்தார்கள். உகாண்டாவில் பிறந்து கென்யாவில் வாழ்ந்த ஷேகர் மேத்தா 1973இல் 240இசட்டை ஓட்டி வென்றார். இரண்டாவதாக வந்ததும் ஒரு டாட்சன்தான். இரண்டும் சமப் புள்ளியில் நிற்க, அதிக தூரம் தண்டப்புள்ளி வாங்காமல் ஓட்டியவர் என்ற விதியின்படி வெற்றி மேத்தாவுக்குக் கிடைத்தது. பிறகு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை அவரே வென்றார். ஐந்து வெற்றிகளும் டாட்சனில் கிடைத்தவை. இந்தியச் சாலைக்கு ஏற்ற வண்டி என்று விளம்பரம் செய்ய இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. டாட்சனை உயிர்ப்பித்து இந்தியாவில் இறக்கியபோது நம் ஊர்க்காரர்கள் காதுக்கு மேத்தாவின் பெயர் எட்டவே இல்லை என்பது வேடிக்கை.

எட்டாததற்குக் காரணம் உண்டு. 1981இல் நிசான் ஒரு முடிவு எடுத்தது. உலகம் முழுவதும் டாட்சன் என்ற பெயரைக் கைவிட்டு, எல்லாக் கார்களையும் நிசான் என்றே விற்பது. 1986க்குள் அந்தப் பெயர் சாலையில் மட்டும் மிஞ்சியது. அந்தக் காலகட்டத்தில் இந்தியாவில் அம்பாசடரும் பத்மினியும்தான் கார். டாட்சனை நம்மவர்கள் பார்த்தது கடல் கடந்த ஊர்களில். மலேசியாவில் டான் சோங் நிறுவனம் 1957 முதலே டாட்சனை விற்றது. அங்கும் இலங்கையிலும் ஒரு தலைமுறைத் தமிழர்களுக்கு ‘டட்சன்’ வீட்டுக் கார்ப் பெயர். விருதுநகர்க்காரருக்கோ அது பழைய ஆங்கிலப் படத்தில் வரும் ஏதோ ஒரு வண்டி.

இங்கே வேறு ஜப்பான்கள் ஊறிப் போயிருந்தன. மாருதியின் வழியே சுசுகி வந்தது 1983 டிசம்பரில். 796 சி.சி. எஞ்சின், நான்கு சக்கரம், கதவைச் சாத்தினால் ‘டப்’ என்ற சத்தம். அதற்கு முன் சுசுகியை இந்தியாவில் யாருக்குத் தெரியும்? மிச்சியோ சுசுகி 1909இல் ஹமாமட்சுவில் தொடங்கியது தறிப் பட்டறை. நெசவு ஊரான அருப்புக்கோட்டையில் சொன்னால் சட்டென்று உறவு கொண்டாடுவார்கள். 1984இல் ஓசூரில் டி.வி.எஸ். குழுமத்துடன் சேர்ந்து இந்த்-சுசுகி பைக்கும் வந்தது. அதே எண்பதுகளில் டொயோட்டா, மிட்சுபிஷி, மஸ்தா, நிசான் ஆகிய நான்கு ஜப்பான் நிறுவனங்கள் இந்தியக் கூட்டாளிகளுடன் சிறு லாரிகளைச் செய்தன. ஸ்வராஜ் மஸ்தாவின் வேன் தமிழ்நாட்டில் ஒரு பொதுப்பெயராகவே மாறியது. பள்ளிக்கூடத்துக்கும் கல்யாணத்துக்கும் ஆலை வேலைக்கும் ஆள் ஏற்றுவது ‘மஸ்தா வேன்’. அந்த நால்வரில் நிசானும் இருந்தது, ஹைதராபாத் ஆல்வின் நிறுவனத்தோடு. ஆனால் அந்தக் கூட்டு நெடுநாள் நிலைக்கவில்லை. ராணுவத்துக்காக ஜபல்பூரில் செய்த ‘ஜோங்கா’ ஜீப்பும் நிசானுடைய வடிவம்தான். அதை ஓட்டிய சிப்பாய்களுக்கே அது ஜப்பான் வண்டி என்று தெரிந்திருக்குமோ என்னவோ.

ஆக, நிசான் மூன்றாவது முறையாக இந்தியாவுக்கு வந்தபோது தமிழ்நாட்டுக்கே வந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து கட்டிய தொழிற்சாலை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. முதலீடு 4,500 கோடி ரூபாய், ஆண்டுக்கு 4 லட்சம் கார் செய்யும் திட்டம். மைக்ரா வந்தது, சன்னி வந்தது. எண்ணூர்த் துறைமுகம் வழியே ஏற்றுமதி அமோகமாக நடந்தது. உள்ளூர் விற்பனை மட்டும் சூடுபிடிக்கவில்லை. 2012 மார்ச்சில் நிசான் தலைவர் கார்லோஸ் கோஸ்ன் டாட்சனுக்கு மறுபிறவி அறிவித்தார். இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா ஆகிய நாடுகளில் புதிதாகக் கார் வாங்குவோருக்கான மலிவு விலைப் பெயராக அது இருக்கும். இந்தியச் சந்தையில் 2016க்குள் 10 சதவீதம் பிடிப்பது நிசானின் இலக்கு. எட்டியது இரண்டு சதவீதத்தைச் சுற்றியே நின்றது.

கார் மோசமானதா? இந்த இடத்தில் நியாயமாக இருக்க வேண்டும்.

டாட்சன் கோ அடிப்படையில் மைக்ராவின் எலும்பு. 1,198 சி.சி. மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 68 குதிரைத்திறன், எடை 800 கிலோவுக்கும் குறைவு. மாருதியின் ஆல்டோ 800க்கு இருந்தது 796 சி.சி. நீளத்தில் கோ அதைவிட 39 சென்டிமீட்டர் பெரிது, ஏறத்தாழ ஒரு முழம். அந்த ஒரு முழம் பின்சீட்டுக்காரரின் கால்மூட்டுக்கும் டிக்கிக்கும் போனது. ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். கனத்த மாதிரி ஆல்பங்களைச் சுமந்து ஊர் ஊராய் ஆர்டர் பிடிக்கப் போகிறவருக்கு 265 லிட்டர் டிக்கி என்பது சின்ன விஷயமல்ல. 170 மில்லிமீட்டர் தரை இடைவெளி, கரிசல் காட்டு ஆலைப் பாதைகளின் மேடு பள்ளத்துக்குப் போதும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி சிட்டாய்ப் பறக்கும். நாலு பேரோடு ஏ.சி. போட்டு மதுரைக்குப் போகும் நான்குவழிச் சாலையில் எஞ்சின் மூச்சு வாங்காது. கோ வைத்திருந்தவர்கள் குறை சொல்லத் தொடங்கும் முன், எஞ்சினை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பாராட்டிவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

பிறகு குறை தொடங்கும். மூன்று சிலிண்டர் என்பதால் நின்றபடி ஓடும்போது ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். கதவுத் தகடு மெலிது. சாத்தும்போது தகரப் பெட்டி ஞாபகம் வரும். முன்கண்ணாடிக்கு ஒரே வைப்பர். டாஷ்போர்டுப் பெட்டிக்கு மூடி இல்லை. ஹேண்ட் பிரேக் பழைய அம்பாசடர் மாதிரி டாஷ்போர்டுக்கு அடியில் இருந்து உருவி இழுப்பது. பாட்டுப் பெட்டி கிடையாது, அதற்குப் பதில் செல்போனை மாட்டிவைக்க ஒரு தாங்கி. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் பெரிய குறையல்ல. விலையைக் குறைக்க எங்கெங்கே கத்தரி வைத்தார்கள் என்பதை ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக, தினமும் காட்டிக்கொண்டே இருந்ததுதான் பிழை.

டாடா நானோ ஏற்கெனவே பட்ட அடி இது. மலிவு என்று சொல்லி விற்ற காரை வாசலில் நிறுத்த யாரும் விரும்பவில்லை. முதல் கார் வாங்கும் குடும்பம் அதை இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டுப் பூசை செய்து, சொந்தக்காரர் வீட்டு வாசலில் எல்லாம் நிறுத்திக் காட்டும். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி விலையல்ல, ‘என்ன வண்டி?’ என்பது. ‘டாட்சன்’ என்று சொன்னால் அடுத்த கேள்வி, ‘அது யாரு வண்டி?’ ‘நிசான்’. ‘அது யாரு?’ புதிதாகக் கார் வாங்கியவரை விளக்கம் சொல்லும் நிலைக்குத் தள்ளக் கூடாது. நூறு வருடத்து வேர், மேத்தாவின் ஐந்து சஃபாரி வெற்றி, எல்லாம் இருந்தும் சொல்லிக்கொள்ள ஒரு வரி இல்லாமல் அவரை நிறுத்தியது நிறுவனம்தான்.

2014 நவம்பரில் இடி விழுந்தது. குளோபல் என்கேப் அமைப்பு கோ காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களின் பாதுகாப்புக்குக் கிடைத்த நட்சத்திரம் பூஜ்யம். ஏர்பேக் இல்லை என்பது மட்டும் காரணமல்ல. காரின் கூடே உறுதியாக நிற்கவில்லை, ஏர்பேக் பொருத்தினாலும் பெரிய பயன் இருக்காது என்றது அறிக்கை. அமைப்பின் தலைவர் மாக்ஸ் மோஸ்லி, காரைச் சந்தையில் இருந்து விலக்கிக்கொள்ளுமாறு கோஸ்னுக்கே கடிதம் எழுதினார். நிசான் விலக்கவில்லை, இந்திய விதிகளுக்கு உட்பட்டே கார் செய்யப்படுகிறது என்றது. அன்றைய விதிப்படி அது உண்மைதான். எல்லாப் புதுக் கார்களுக்கும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான்.

டாட்சனைக் கொன்றது இந்தப் பூஜ்யம்தான் என்று பலரும் எழுதினார்கள். அது பாதி உண்மை. அதே நாளில் அதே சோதனையில் ஏர்பேக் இல்லாத மாருதி ஸ்விஃப்டுக்குக் கிடைத்ததும் பூஜ்யம். அதே ஆண்டு ஜனவரியில் ஆல்டோ 800க்கும் பூஜ்யம். ஸ்விஃப்டும் ஆல்டோவும் அதன் பிறகும் நாட்டிலேயே அதிகம் விற்ற கார்களாக நீடித்தன. பாதுகாப்பைப் பற்றிய அக்கறை கார் வாங்குபவரிடம் அப்போது பெரிதாக இல்லை என்பது கசப்பான உண்மை. வெடிமருந்தோடு தினம் பழகும் ஊர்களும் அதற்கு விலக்கில்லை. செய்தியில் பூஜ்யம் வாங்கிய ஸ்விஃப்டை மன்னித்தவர்கள் டாட்சனை ஏன் மன்னிக்கவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு விடை ஷோரூமில் கிடைக்காது. சாலையோர ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும்.

சிவகாசியில் இருந்து சாத்தூர் போகும் சாலையிலோ விருதுநகர் புறவழியிலோ ஏதாவது ஒரு கார்ப் பட்டறையில் நின்றால், மாருதி 800ஐக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிறவர்கள் இருப்பார்கள். முப்பது வருடத்தில் அந்த வண்டி இரண்டு தலைமுறை மெக்கானிக்குகளை உருவாக்கியது. ஆம்னி வேன் அவர்களுக்கு இன்னொரு பாடப்புத்தகம். 1984இல் வந்து 2019 வரை ஓடிய அந்த வேன் அச்சகத்துக்குக் காகிதம் ஏற்றியது, கடைக்குச் சரக்கு ஏற்றியது, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தை ஏற்றியது. கிளட்ச் தட்டு, பிரேக் ஷூ, ஹெட்லைட் கண்ணாடி எல்லாம் உள்ளூர் ஸ்பேர் கடையில் சாயங்காலத்துக்குள் கிடைக்கும். கம்பெனி உருப்படி வேண்டுமா, டூப்ளிகேட் போதுமா என்று கேட்டுக் கொடுப்பார்கள். கோ காரின் பம்பர் ஒரு மாட்டு வண்டியில் உரசி உடைந்தால் கதை வேறு. பாகம் கம்பெனி வழியாகத்தான் வர வேண்டும். வரும்வரை வண்டி நிற்கும். சீசன் நேரத்தில், ஆவணி முதல் ஐப்பசி வரை, பட்டாசு வியாபாரிக்கு ஒரு வாரம் கார் இல்லாமல் இருப்பது என்பது வியாபாரத்தில் ஓட்டை.

நிசான் இந்தியாவில் தன் கார்களை விற்கும் பொறுப்பை ஹோவர் ஆட்டோமோட்டிவ் என்ற வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. டாட்சன் கோ வெளியாவதற்குச் சற்று முன், 2014 தொடக்கத்தில், அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. தேர் புறப்படும் நாளில் வடம் மாற்றியது போல ஆயிற்று. புதிய பெயர், புதிய விற்பனை ஏற்பாடு, குறைந்த கிளைகள் என்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. அதே நேரம் ஆயிரக்கணக்கான சர்வீஸ் நிலையங்களோடு மாருதி சிறுநகரங்களையும் தாண்டிப் பேரூர்களுக்குள் நுழைந்திருந்தது. மாருதி 800 விட்டுப்போன இடத்தில் ஆல்டோவை வைத்து அது எப்போதோ துண்டு போட்டு வைத்திருந்தது.

மறுவிற்பனைதான் கடைசி அடி. இந்த வட்டாரத்தில் காரை வாங்கும்போதே விற்பதையும் கணக்குப் போடுவார்கள். மகள் கல்யாணத்துக்கோ, ஆலையில் முடக்கம் வந்தாலோ, கார் என்பது அவசரத்துக்கு மாற்றக்கூடிய ஒரு சேமிப்பு. பழைய கார்த் தரகர்கள் எல்லா ஊரிலும் இதைத்தான் சொல்வார்கள்: “அண்ணாச்சி, வண்டி குத்தமில்ல. கை மாத்தணும்னா ஆள் கெடைக்காது. மாருதினா இப்பவே பணம்.” முதல் நாள் ஐம்பதாயிரம் மலிவாக வாங்கியவர் ஐந்தாம் ஆண்டு விற்கும்போது அதைவிட அதிகமாக இழந்தார். மலிவு என்ற வாக்குறுதியே அங்கே பொய்த்தது. இதை எந்தச் சோதனைக்கூடமும் நட்சத்திரம் போட்டு அறிவிக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் நின்றவர் காதோடு காதாகக் கேட்டுப் போனார்.

டாட்சன் சும்மா இருக்கவில்லை. 2015 ஜனவரியில் ஏழு பேர் உட்காரலாம் என்று கோ பிளஸ் வந்தது. ஏழாவது ஆள் பள்ளிப் பிள்ளையாக இருந்தால் உட்காரலாம். 2016 ஜூனில் ரெடி-கோ வந்தது, விலை 2 லட்சத்து 39 ஆயிரம். உள்ளே ரெனோ க்விட்டின் 800 சி.சி. எஞ்சின். க்விட் ஜீப் மாதிரி முகத்தோடு வந்து நன்றாக விற்றது. அதே எஞ்சின், அதே ஒரகடம் என்றிருந்தும் லேபிள் மாறியதால் ரெடி-கோ அந்த அளவு விற்கவில்லை. சிவகாசி வியாபாரிகளுக்கு இது புரியாத புதிரல்ல. ஒரே ஆலையில் உருட்டிய வெடி, ஒரு லேபிளில் நூறு ரூபாய்க்கும் இன்னொரு லேபிளில் எழுபதுக்கும் போவதைத் தினம் பார்க்கிறவர்கள் அவர்கள்.

அந்த ஆண்டுகள் இந்த வட்டாரத்துக்கும் நல்ல ஆண்டுகளாக இல்லை. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. பட்டாசுக்கும் காருக்கும் ஆரம்பத்தில் ஒரே 28 சதவீதம் என்பது ஒரு விசித்திரப் பொருத்தம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும் போதும், சரவெடி கூடாது, பேரியம் உப்பு கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீபாவளிக்குப் பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. தவணை கட்ட வழியில்லாமல் நிற்கிற வீட்டில் புதுக் கார்ப் பேச்சு எழாது. அப்படிப்பட்ட நேரத்தில் கையில் இருக்கும் காரை விற்க நேர்ந்தவர்களுக்கு, மேலே சொன்ன மறுவிற்பனைக் கணக்கு புத்தக விஷயமாக இருந்திருக்காது.

வேடிக்கை என்னவென்றால், அதே 2018 அக்டோபரில்தான் டாட்சன் தன் பிழைகளைத் திருத்திக்கொண்டது. புதுப்பித்த கோ காரில் இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் எல்லா வகையிலும் வந்தன. தொடுதிரை வந்தது. உட்புறம் பார்க்கும்படி இருந்தது. நான்கு ஆண்டு முன்னே வந்திருக்க வேண்டிய கார் அது. அடுத்த மாதமே கார்லோஸ் கோஸ்ன் தோக்கியோவில் கைதானார். மறு ஆண்டு இறுதியில் இசைச் சாதனங்கள் கொண்டுபோகும் பெட்டிக்குள் ஒளிந்து ஜப்பானை விட்டே தப்பினார். அவர் உயிர்ப்பித்த பெயரைத் தாங்கிப் பிடிக்க நிசானில் யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. 2020இல் ரஷ்யாவிலும் இந்தோனேசியாவிலும் டாட்சன் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் நிசான் மேக்னைட்டை 4 லட்சத்து 99 ஆயிரத்துக்கு இறக்கியது. இந்தியாவில் நிசானைக் காப்பாற்றியது அந்தக் கார்தான். மலிவைக் கூவி விற்காமல், உயரமும் தோரணையுமாக வந்த கார். 2022 ஏப்ரலில் ரெடி-கோ உற்பத்தியை நிறுத்தியதாக அறிவிப்பு வந்தது. பாகங்களும் சர்வீஸும் நிசான் வழியே தொடரும் என்றார்கள்.

சுசுகி பெயரும் வரலாறும் இல்லாமல் வந்தது. ஊரில் தங்கி, பட்டறைகளுக்கு வேலை கொடுத்து, முப்பது ஆண்டில் வரலாறு ஆனது. டாட்சன் நூறு ஆண்டு வரலாற்றோடு வந்தது. ஆனால் ஊரில் தங்கவில்லை. கல்கத்தாவில் கற்றுத் திரும்பிய இருவர் சிவகாசியிலேயே தொழிலை ஊன்றியதும், ஜப்பான் தீப்பெட்டி இறக்குமதிக் கப்பலோடு போய்விட்டதும் இதே வேறுபாடுதான். காரை விற்றவர்களை விட, கடைசி வரை காரை வைத்துக்கொண்டவர்கள்தான் டாட்சனுக்கு நியாயம் செய்தவர்கள். ஓட ஓட எஞ்சின் சோர்வதில்லை, லிட்டருக்குக் கிடைக்கும் தூரத்தில் குறையில்லை, விற்றால் விலை வராது, அதனால் விற்பதாயில்லை என்று ஒருவகைச் சமாதானத்தோடு அவர்கள் ஓட்டுகிறார்கள். உறவுக்காரர் விட்டுப்போன பிறகும் வீட்டில் தங்கிவிட்ட பிள்ளையைப் போல டி.என். 67, டி.என். 95 எண்களோடு அந்தக் கார்கள் நிற்கின்றன.

ஒரகடம் தொழிற்சாலையில் நிசான் வைத்திருந்த 51 சதவீதப் பங்கையும் 2025இல் ரெனோ வாங்கிக்கொண்டது. மேக்னைட் இன்றும் அங்கேதான் தயாராகிறது. உரிமையாளர் மட்டும் வேறு.

பழைய கோ ஒன்று மலிவாகக் கிடைக்கிறதே என்று பார்ப்பவர்கள் ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு மாதத்தை முதலில் பார்க்க வேண்டும். 2018 அக்டோபருக்கு முந்தைய கோ பெரும்பாலும் ஏர்பேக் இல்லாத கார். பிந்தையது இரண்டு ஏர்பேக் உள்ள கார். இரண்டுக்கும் விலையில் இருக்கும் சில ஆயிரம் வித்தியாசத்தைப் பார்த்து முந்தையதை வாங்கிவிட வேண்டாம். 2014 மார்ச்சில் பதிவான முதல் கோ கார்களுக்கு 2029 மார்ச்சில் பதினைந்து வயது முடிகிறது. அதற்கு மேலும் ஓட்ட வேண்டுமானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.